பத்திரத்தைக் கொடுக்கும் முன் யாரைக் கேட்பது?

(பண்ணை வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய் ஒரு காங்கேயம் காளை வாங்குவதென்றால் நாம் என்ன செய்கிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். சுழி பார்க்கிறோம். நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறோம். விவரம் தெரிந்த பெரியவர் ஒருத்தரைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறோம். ஒரு மாட்டுக்கே இவ்வளவு யோசனை. ஆனால் நாலு ஏக்கர் பூமியை அடமானம் வைத்துக் கடன் வாங்கும்போது, கடன் கொடுக்கிறவரே எழுதிக் கொண்டு வந்த காகிதத்தில், அவர் காட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். மாடு போனால் இன்னொரு மாடு வாங்கலாம். பூமி போனால் திரும்பி வருமா?

மூலனூர், கன்னிவாடி, வெள்ளகோவில் பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. ஆழ்குழாய்க் கிணறு போட, முருங்கைக்குச் சொட்டுநீர் அமைக்க, மகள் கல்யாணத்துக்கு, மகனுக்கு நாலு தறி போட்டுக் கொடுக்க என்று கடன் வாங்காத குடும்பம் அபூர்வம். கடன் வாங்குவது தப்பில்லை. கேட்க வேண்டியவரைக் கேட்காமல் வாங்குவதுதான் ஆபத்து. ஆகவே, செலவில்லாமல் அல்லது கொஞ்சச் செலவில், பாரபட்சமில்லாத யோசனை எங்கே கிடைக்கும், அங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

முதலில், யோசனை சொல்கிறவருக்கு யார் கூலி கொடுக்கிறார்?

சந்தையில் தரகர் இருக்கிறார். அவரிடம் போய், "இந்த மாட்டில் என்ன குறை?" என்று கேட்டால் முழுசாகச் சொல்வாரா? வியாபாரம் முடிந்தால்தானே அவருக்குத் தரகு! கடன் விஷயத்திலும் இதே கதைதான்.

"நான் லோன் வாங்கித் தருகிறேனுங்க" என்று வீடு தேடி வருகிற ஏஜெண்டுக்கு வங்கியோ, நிதி நிறுவனமோ கமிஷன் கொடுக்கிறது. பல பேர் நம்மிடமும் ஒரு பங்கு வாங்கிக்கொள்கிறார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு நாம் கட்டும் பிரிமியத்தில் கமிஷன். வங்கி வைத்திருக்கிற வக்கீல் நம் பத்திரத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்; அது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, நமக்கு நல்லதா என்று பார்ப்பதல்ல. இவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. இவர்கள் நம் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டிலும் இந்தத் தொல்லை இருந்தது. இங்கிலாந்தில் முதலீட்டு ஆலோசகர்கள் நிதிக் கம்பெனிகளிடமிருந்து கமிஷன் வாங்கக்கூடாது என்று 2012 டிசம்பர் 31 முதல் விதி கொண்டு வந்தார்கள். வீட்டு அடமானத் தரகர் அங்கே கமிஷன் வாங்கலாம். ஆனால் அதைக் கடன் வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டிலும் முதலீட்டு ஆலோசகர்களுக்கு செபி அமைப்பு 2013ல் விதிகள் கொண்டு வந்தது. அதில் பதிவு பெற்றவர் நம்மிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு யோசனை சொல்ல வேண்டும். நமக்கு யோசனையும் சொல்லி, நம்மிடமே கமிஷனுக்கு விற்கவும் கூடாது. ஆனால் அது சேமிப்பு, முதலீடு பற்றியது. நில அடமானக் கடனுக்கு அப்படிப் பதிவு பெற்ற ஆலோசகர் என்று நம் ஊரில் யாரும் கிடையாது. ஆகவே "உங்களுக்கு இதில் என்ன கிடைக்கும்?" என்று நாமே முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

செலவில்லாமல் கேட்கக்கூடிய இடங்கள்

ஒன்று, நிதியறிவு ஆலோசனை மையம். ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டில் முன்னோடி வங்கிகள் இந்த மையங்களை நடத்துகின்றன. நம் திருப்பூர் மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி கனரா வங்கி. இந்த மையத்தில் கட்டணம் கிடையாது. எந்த வங்கியின் கடனையும் விற்பது இவர்கள் வேலையல்ல. எந்தக் கடன் யாருக்குப் பொருந்தும், தவணை கட்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்கலாம். உங்கள் பக்கத்து வங்கிக் கிளையில் கேட்டால் மையம் எங்கே இருக்கிறதென்று சொல்வார்கள்.

இரண்டு, மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் இந்தக் கூட்டத்துக்கு முன்னோடி வங்கி மேலாளரும், கூட்டுறவுத் துறை அதிகாரிகளும், வேளாண்மை, தோட்டக்கலைத் துறையினரும் வருகிறார்கள். ஒரே இடத்தில் எல்லாரையும் பார்க்கலாம். மானியம் இருக்கிற வேலைக்கு முழுப் பணத்தையும் கடனாக வாங்கிவிடாமல் தப்பிக்க இது நல்ல வழி. சொட்டுநீர்ப் பாசனம் அதற்கு ஓர் உதாரணம்.

மூன்று, சட்டப் பணிகள் குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி கொடுக்க ஏற்பட்டது இது. தாராபுரம் கோர்ட்டு வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போன் செய்ய 15100 என்ற எண். அடமானப் பத்திரத்தில் எழுதியிருப்பதற்கு அர்த்தம் என்ன என்று கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

நான்கு, சொந்தச் செலவில் ஒரு வக்கீல். கடன் கொடுப்பவருக்குச் சம்பந்தமில்லாத வக்கீலாகப் பாருங்கள். "பத்திரத்தைப் படித்துச் சொல்ல எவ்வளவு?" என்று முன்னாலேயே பேசி, அந்தத் தொகையை மட்டும் கொடுங்கள். கடன் தொகையில் நூற்றுக்கு இத்தனை என்று கேட்பவரிடம் போகாதீர்கள். கடன் கூடக் கூட அவருக்கு வரும்படி கூடும். அவர் எப்படிக் குறைத்து வாங்கச் சொல்வார்?

அடமானம் தேவைதானா?

இதை முதலில் கேட்க வேண்டும். ஆலோசனையின் பெரிய லாபமே பல சமயம் "பத்திரத்தை வீட்டிலேயே வையுங்கள்" என்ற பதில்தான்.

தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, உரிய தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு, அதாவது உழவர் கடன் அட்டை, 1998ல் வந்தது. 3 லட்ச ரூபாய் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம். அடமானமோ ஈடோ இல்லாமல் விவசாயக் கடன் கொடுக்கும் வரம்பை ரிசர்வ் வங்கி 1 லட்சத்து 60 ஆயிரத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தியது. இது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2 லட்சத்துக்குள் பயிர்க்கடன் கேட்கும்போது "பத்திரம் கொண்டாங்க" என்றால், எந்த விதிப்படி என்று பணிவாகக் கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 லட்ச ரூபாயை வெளியில் 2 வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000. வருஷம் 72,000 ரூபாய். அதையே அட்டையில் வாங்கி ஒழுங்காகக் கட்டினால் வருஷ வட்டி 12,000. மிச்சம் 60,000 ரூபாய். பஸ் செலவு செய்து தாராபுரம் நாலு தடவை போய் வந்தாலும் லாபம்தான்.

பருத்தி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் பருத்தி ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். விலை இறங்கிக் கிடக்கும்போது அவசரத்துக்கு விற்க வேண்டாம். விற்பனைக்கூடக் கிடங்கில் விளைபொருளை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். 180 நாள் வரை வைத்திருக்கலாம். இப்போதைய வட்டியும் வரம்பும் எவ்வளவு என்று கண்காணிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டை அடமானம் போகட்டும். பூமி வீட்டில் இருக்கட்டும்.

பழைய கதை ஒன்று

இது இன்று நேற்று வந்த கஷ்டமில்லை. தாராபுரம் அப்போது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் விவரத் தொகுப்பை 1887ல் எழுதிய பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரிதான், பிற்பாடு சென்னை மாகாண விவசாயிகளின் கடன் பற்றி ஆராய்ந்து, 1895 முதல் 1897 வரை பெரிய அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் கிராமத்தாரைக் கொண்டே நடத்திய கடன் சங்கங்களைப் போல நமக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. நீண்ட காலக் கடனுக்காக 1929ல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி ஏற்பட்டது. பெரியவர்கள் "நிலவள வங்கி" என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். ஊருக்குள் கைமாற்றுக் கடனில் பூமி போவதைத் தடுக்கத்தான் இவையெல்லாம் வந்தன.

என்ன பத்திரம் எழுதுகிறோம்?

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வங்கியில் பெரும்பாலும் மூலப் பத்திரத்தை ஒப்படைத்து, அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வார்கள். சாதா அடமானத்தில் பூமி நம் அனுபோகத்திலேயே இருக்கும். போக்கியத்தில் பூமியைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார். இவை எல்லாவற்றிலும் கடனைக் கட்டிப் பூமியை மீட்கும் உரிமை நமக்கு உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது.

ஆனால் வெளியில் கடன் கொடுக்கும் சில பேர் அடமானம் எழுத மாட்டார்கள். "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தானுங்க, கிரயமா எழுதிக் குடுங்க. பணத்தைக் கட்டினதும் திருப்பி எழுதிக் குடுத்தர்றேன்" என்பார்கள். அல்லது கிரய ஒப்பந்தம் என்பார்கள். அல்லது பவர் எழுதிக் கேட்பார்கள். இதுதான் பள்ளம்.

கிரயம் என்றால் விற்றாகிவிட்டது என்று அர்த்தம். பணம் கட்டினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். தனியாக ஒரு காகிதத்தில் எழுதி வாங்கியிருந்தால், அந்தக் கிரயத்தை அடமானமாகச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. வாய்ப்பேச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பவர் கொடுத்தால், அதை வைத்து நமக்குத் தெரியாமலே மூன்றாம் ஆளுக்கு விற்றுவிடலாம். மாமன், மச்சான் முறை ஆகிறவர் கேட்டாலும் சரி, கடனுக்காகக் கிரயம் எழுதாதீர்கள். "அடமானமாக எழுதுவோம், பதிவுச் செலவை நான் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு ஒப்பாதவருடைய கண் வட்டியில் இல்லை, பூமியில் இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கு, எழுதாத புரோநோட்டு, வெற்று முத்திரைத்தாள் - இந்த மூன்றும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஜாமீன் கையெழுத்தும் சும்மா இல்லை. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் முழுத் தொகைக்கும் பொறுப்பு.

வட்டியைப் பிரித்துக் கேளுங்கள்

"12 சதவீதம்தானுங்க" என்பார்கள். எந்த 12? ஒரு லட்சம் ரூபாய், 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் 12 சதவீதம் என்றால் மாதத் தவணை 4,707 ரூபாய். மொத்த வட்டி சுமார் 13,000. கடைசி வரை முழு ஒரு லட்சத்துக்கும் 12 சதவீதம் போட்டால் தவணை 5,167 ரூபாய். மொத்த வட்டி 24,000. பேச்சில் 12, உண்மையில் ஏறக்குறைய 21½ சதவீதம்!

தண்டல் கணக்கு இன்னும் மோசம். 10,000 என்று சொல்லி 9,000 கையில் கொடுத்து, நாளைக்கு 100 வீதம் 100 நாள் வாங்கினால், ஆண்டுக் கணக்கில் வட்டி 75 சதவீதத்துக்கு மேல் போகிறது.

இந்தக் குழப்பம் தீர ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்குக் கொடுக்கும் புதுக் கடனுக்கு "முக்கிய விவர அறிக்கை" என்ற ஒரு தாளைக் கொடுக்க வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். நமக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். அதில் எழுதாத கட்டணத்தை நம் சம்மதமில்லாமல் பிற்பாடு வாங்கக் கூடாது. யோசித்துப் பதில் சொல்லக் குறைந்தது 3 வேலை நாளாவது உண்டு. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு இடத்துத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். செலவில்லாத ஆலோசனை அதுவே!

கடனோடு சேர்த்து இன்ஷூரன்ஸ் பாலிசி தலையில் கட்டினால், அது கட்டாயமா என்று எழுத்தில் கேளுங்கள். வேண்டாத ஆயுள் பாலிசியைக் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வழி உண்டு.

ஏற்கனவே வாங்கியவர்களுக்கு

கடனை முழுக்கத் தீர்த்தபின் 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் விதி. பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. அடமானம் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.

தவணை தவறினால் ஒளிந்துகொள்ளாதீர்கள். மழை பொய்த்ததையோ, பயிர் காய்ந்ததையோ எழுதிக் கொடுத்துத் தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுக்கும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. ஆனால் விவசாய நிலத்துக்கு அந்த அதிகாரம் பொருந்தாது. அதற்காகக் கடன் ரத்தாகிவிட்டதென்று நினைக்கக் கூடாது. வங்கி கோர்ட்டு மூலம் வரலாம். வீட்டை அடமானம் வைத்திருந்தால் இந்தச் சட்டம் பொருந்தும். 60 நாள் நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள்.

வங்கியின் மீது குறை என்றால் முதலில் வங்கிக்கே எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணமில்லை. விவரம் கேட்க 14448. கூட்டுறவுச் சங்கமென்றால் கூட்டுறவு இணைப்பதிவாளரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, ஓட வட்டிக்காரர்கள் மிரட்டினால், 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கடன் வசூல் என்ற பேரில் மிரட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025லும் தனிச் சட்டம் வந்திருக்கிறது. கடனுக்கு அஞ்சி உயிரை விடுகிற யோசனை யாருக்கும் வரவேண்டாம். கடனைப் பேசித் தீர்க்க இத்தனை வழி இருக்கிறது.

மறக்காமலிருக்க

பெருமக்களே, சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். யோசனை சொல்கிறவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறதென்று கேளுங்கள். அடமானமில்லாத கடன் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். இரண்டு இடத்திலாவது முக்கிய விவர அறிக்கை வாங்கி ஒப்பிடுங்கள். கடனுக்குக் கிரயமும் பவரும் எழுதாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்காரம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்கைப் பேசுங்கள். பல வீட்டில் அவர்கள்தான் சரியான கேள்வியைக் கேட்கிறார்கள்.

"நாளைக்கே கையெழுத்துப் போட்டாத்தானுங்க பணம்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அன்றைக்குப் போடாதீர்கள். நல்ல கடன் நாலு நாள் காத்திருக்கும்.